பணியிட உளவியலும் நிறுவன நடத்தையும்: செட்டிநாட்டில் தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பலகாரக் கடை, ஆத்தங்குடித் தளக்கல் பட்டறை, கண்டாங்கித் தறிக்கூடம், பழைய வீட்டைச் செப்பனிட்டு நடத்தும் விடுதி என்று ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை வைத்து வேலை வாங்கும் இடங்கள் பல உள்ளன. அவற்றின் உரிமையாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் மாதம் ஒரு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் சற்று விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். கடைகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன்.

நிறுவன நடத்தை என்றால் என்ன? பணியிட உளவியல் என்பது வேறா?

வேலை செய்யுமிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் துறை நிறுவன நடத்தை. தனியாள், குழு, நிறுவனம் என்ற மூன்று நிலைகளிலும் அது பார்க்கும். பணியிட உளவியல் பெரும்பாலும் தனியாளிடமிருந்து தொடங்கும். அவருடைய ஊக்கம், சோர்வு, மனநிலை, திறமை ஆகியவற்றை அளந்து பார்க்கும். இரண்டுக்கும் இடையில் வேலி கிடையாது.

வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் குறித்து, அதைச் செய்வதற்கான ஒரே சிறந்த முறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1911-இல் நூல் எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். மனிதரையும் இயந்திரத்தின் உறுப்பைப் போலக் கணக்கிட்ட அந்தப் பார்வைக்கு எழுந்த மறுப்புகளிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது என்று சொல்லலாம்.

என் கடையில் சிக்கல் என்பதே ஆட்கள்தான். நல்ல ஆள் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

வகுப்பின் முதல் நாளில் தவறாமல் வரும் கேள்வி இது. பிறர் செய்த தவறுக்கு அவருடைய குணத்தைக் காரணமாகச் சொல்வதும், அதே தவற்றை நாம் செய்தால் சூழ்நிலையைக் காரணமாகச் சொல்வதும் மனித இயல்பு. பிறரைப் பற்றிய மதிப்பீட்டில் சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் எடைபோடும் இந்தச் சாய்வுக்கு ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று 1977-இல் பெயரிட்டவர் உளவியலாளர் லீ ராஸ்.

ஒரு விடுதியில் வரவேற்பில் இருந்த பெண் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தார். மேலாளர் ‘பொறுப்பில்லாதவர்’ என்று முடிவுகட்டிவிட்டார். பணி நேரத்தை ஏழரையிலிருந்து ஏழாக மாற்றியவர் அதே மேலாளர்தான். அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து வரும் முதல் பேருந்தே ஏழு மணிக்குத்தான் காரைக்குடிக்குள் நுழையும். குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் வேலையின் அமைப்பைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆளே சரியில்லாத நேர்வுகளும் உண்டு. ஆனால் அமைப்பைப் பார்த்து முடித்த பிறகு எஞ்சுபவை அவை.

ஹாதார்ன் ஆய்வு என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றனவே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

சிகாகோவை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த தொடர் ஆய்வுகள் அவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி உயர்ந்தது, குறைத்தாலும் உயர்ந்தது, ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதரை வேலை செய்ய வைக்கிறது என்ற கதையைத்தான் பெரும்பாலோர் அறிவார்கள். அந்தக் கதை இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. வெளிச்ச ஆய்வின் பழைய தரவுகளைத் தேடி எடுத்து மறுபடியும் கணக்கிட்ட பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும், சொல்லப்பட்ட அளவுக்கு விளைவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று 2011-இல் எழுதினார்கள். 1927-இல் தொடங்கிய இன்னொரு கட்டத்தில் ஐந்து பெண்களைத் தனியறையில் வைத்து ஆராய்ந்தபோது, அதிகம் பேசுகிறார்கள் என்று இருவரை இடையில் மாற்றிவிட்டு வேறு இருவரைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உற்பத்தி உயர்ந்ததை எதன் கணக்கில் எழுதுவது?

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டம். 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் 14 ஆண்களை எதையும் மாற்றாமல் வெறுமனே கவனித்தார்கள். கூடுதலாகச் செய்தால் குழு முழுவதற்கும் கூடுதல் கூலி கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தும், நாளொன்றுக்கு இரண்டு கருவிகள் போதும் என்று அந்த ஆட்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகமாகச் செய்பவரைக் கேலிப்பெயர் சொல்லி அழைத்தார்கள். மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்கள். வேலையைக் குறைத்துச் செய்பவருக்கும் மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவருக்கும் அதே மரியாதைதான்.

இதைப் படித்துக் காட்டிய மறுமாதம் ஒரு பலகாரக் கடை உரிமையாளர் என்னைத் தம் கூடத்துக்கு அழைத்துப் போனார். பின்கட்டில் எட்டுப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, துணியை விரித்து, எண்ணெய் தொட்ட விரல்களால் கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் விரலில் மாவு நூல் போல ஓடியது. மற்றவர் இரண்டு சுற்றுவதற்குள் அவர் மூன்று சுற்றினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்தில் இருந்த மூத்தவர் தலை நிமிராமல், “ஏன்த்தா, பெத்தவுக வீட்டுக்கு மூணு மணி பஸ்சா பிடிக்கணும்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தார், அதன் பின் அவருடைய விரலும் மற்றவர்களுடைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. உரிமையாளருக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. நாள் கூலிக்கு வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வேகமாகச் சுற்றினால், மறுநாளே அந்த எண்ணிக்கை எல்லாருக்கும் கட்டாயமாகும் என்று அந்த மூத்தவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார். வட்டத்தில் இருக்கும் வயதானவர்களை அவர் காப்பாற்றுகிறார். எழுதப்படாத இத்தகைய விதிகளையே குழு நெறி என்கிறோம். அதை உடைக்க நினைப்பவர், அது யாரை எதிலிருந்து காக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேர் வேலை நடப்பதில்லையே, ஏன்?

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்று சொல்வோம். வடத்தில் கை வைத்தவர்களில் எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் அதை அளந்தார். அவர் 1913-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தபோது கிடைத்த விசை, அந்த எட்டுப் பேரும் தனித்தனியே இழுக்கக்கூடிய விசையின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழப் பாதியே. ஒரே கணத்தில் எல்லாரும் இழுக்காமல் போவது ஒரு காரணம். தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற நிலையில் ஒவ்வொருவரும் கொஞ்சம் தளர்வது மற்றொரு காரணம். இந்த இரண்டாவதைக் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் சோதித்து, சமூகச் சோம்பல் என்று 1979-இல் பெயரிட்டார்கள் பிப் லட்டனேயும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். குழுவைச் சிறிதாக்குவதும், யார் செய்தது எது என்று தெரியும்படி பிரித்துக் கொடுப்பதும் இதைக் குறைக்கும். கண்காணிப்புக் கேமரா இதற்கு மருந்தாகாது. அது ஆள் இருக்கிறாரா என்று காட்டுமே தவிர, இழுக்கிறாரா என்று காட்டாது.

சம்பளத்தைக் கூட்டினால் ஊக்கம் கூடுமா?

ஓரளவுக்கு. ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில், உடல் தேவை, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தல் என்று மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். புகழ்பெற்ற அந்தக் கூம்பு வடிவப் படம் அக்கட்டுரையில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது. ஒரு படி நிறைந்த பிறகே அடுத்த படி என்று அவர் இறுக்கமாகச் சொல்லவும் இல்லை. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கித் திணறும் ஒருவர், நாலு பேர் முன்னிலையில் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார்கள் என்று வேலையை விட்டுப் போவதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னது வேறு. சம்பளம், மேலதிகாரியின் போக்கு, வேலைச் சூழல் ஆகியவை குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் அவை நிறைந்திருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவையே ஊக்கம் தருகின்றன என்பது அவர் முடிவு. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நல்லது நடந்தால் ‘நான் செய்தேன்’ என்றும், கெட்டது நடந்தால் ‘நிர்வாகம் சரியில்லை’ என்றும் சொல்வது மனித இயல்பென்றால், பேட்டியில் கிடைத்த பிரிவினையே அந்த இயல்பின் நிழலாக இருக்கலாம்.

என் அனுபவத்தில், சிறு கடைகளில் தொகையைவிட ஒப்பீடுதான் அதிகம் சுடுகிறது. தான் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை, அடுத்தவர் போடுவதோடும் பெறுவதோடும் மனிதர்கள் ஒப்பிடுகிறார்கள் என்று ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் விளக்கினார். பன்னிரண்டு ஆண்டு அடுப்படியில் நின்றவருக்கும், போன மாதம் வந்த உரிமையாளரின் அக்காள் மகனுக்கும் ஒரே சம்பளம் என்றால், மூத்தவர் சண்டை போட மாட்டார். தான் போடுவதைக் குறைத்து விகிதத்தைச் சரிசெய்துகொள்வார். நீங்கள் அதை வயதின் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஊக்கம் பிறவிக் குணமா, சொல்லிக்கொடுக்க முடியுமா?

‘வியாபாரம் ரத்தத்தில் இருக்க வேண்டும்’ என்பது நம் ஊரின் நம்பிக்கை. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லிலண்ட் அதை ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சோதித்தார். 1960-களின் நடுவில், ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு, அவ்வூரின் சிறு வணிகர்களுக்கும் தொழில் நடத்துவோருக்கும் சில நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. எட்டக்கூடிய, ஆனால் எளிதல்லாத இலக்கை வைப்பது, அளவறிந்து துணிவது, விளைவைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வது ஆகியவை பயிற்சியின் சாரம். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தொழிலை விரிவாக்குவதில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள் என்று அவரும் டேவிட் வின்டரும் 1969-இல் எழுதினார்கள். குலத்துக்கும் குருதிக்கும் நாம் வரவு வைக்கும் திறமையில் பெரும்பகுதி, சிறுவயதிலிருந்து கடையில் உட்கார வைத்துப் பழக்கியதன் பயனாக இருக்கக்கூடும்.

‘உளவியல் ஒப்பந்தம்’ என்பது என்ன? எங்களிடம் எழுத்து ஒப்பந்தமே கிடையாதே!

எழுத்து இல்லாத இடத்தில்தான் அதற்கு வேலை அதிகம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் சொல்லப்படாமல் நிற்கும் பரஸ்பர எதிர்பார்ப்புக்கு 1960-இல் இந்தப் பெயரைக் கொடுத்தவர் கிறிஸ் ஆர்கிரிஸ். பின்னர் டெனிஸ் ரூசோ 1989 முதல் அதை விரிவாக வளர்த்தார். ஒவ்வொருவரும் தம் மனத்தில் வைத்திருக்கும் படியே ஒப்பந்தம் என்பதும், அந்த இரு படிகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதும் ரூசோ வலியுறுத்திய செய்தி.

நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி இங்கே வளவு வீட்டில். கடை கடலுக்கு அப்பால். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தாள், எடுபிடிக்கும் எழுத்துக்கும் பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். தவணையின் சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கைக்கு வந்துவிடும், அது குடும்பத்துக்கு. கணக்கு முடித்துத் திரும்பிய பின் இலாபத்தைப் பொறுத்து மேற்கொண்டும் கிடைக்கும். இவற்றைச் சம்பளச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதாமல் விட்டவையே கூடுதல்: ஒழுங்காக உழைத்த அடுத்தாள் ஒருநாள் மேலாள் ஆவார், பெட்டியடிப் பையனாகப் போனவர் பிற்காலத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாலும் முதலாளி குறுக்கே நிற்க மாட்டார், கணக்கில் கைவைத்தவருக்கு ஊரில் வேறெந்தக் கடையிலும் இடமிராது. கோயிலும் ஊரும் உறவும் ஒன்றாக இருந்ததால் இந்த எழுதாத பகுதிக்கு வலிமை இருந்தது. அந்த ஏற்பாட்டை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. மூன்றாண்டு தனியே காத்திருந்த ஆச்சிமாரின் கணக்கு எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

இன்றைய கடையில் ஊர், கோயில், உறவு என்ற அந்தப் பிணைப்பு இல்லை. எழுதாத எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் தருவது, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பது ஆகியவற்றை முதலாளி ‘என் பெருந்தன்மை’ என்று கருதுகிறார். தொழிலாளி ‘எனக்கு உரியது’ என்று கருதுகிறார். ஓராண்டு அது நின்றுபோனால் முதலாளியின் பார்வையில் சிக்கனம், தொழிலாளியின் பார்வையில் வாக்குத் தவறியது. சட்டப்படி எதுவும் மீறப்படவில்லை என்று விளக்குவதால் பயனில்லை. எதைத் தருவேன், எதைத் தர இயலாது என்று தை மாதத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

கண்டிப்பான முதலாளியாக இருக்க வேண்டுமா, அன்பானவராகவா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை உண்டு. பாட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜே. பி. பி. சின்ஹா 1980-இல் வெளியிட்ட நூலில், இந்தியப் பணியிடங்களில் பலன் தரக்கூடியவர் பேணிப் பணிவாங்கும் தலைவர் என்றார். ஆளின் நலனில் உண்மையான அக்கறை இருக்கும். ஆனால் அந்த அக்கறை வேலையோடு கட்டப்பட்டிருக்கும். வேலையைத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பார், நன்றாகச் செய்தவரிடம் நெருங்குவார், செய்யாதவரிடம் விலகுவார். அவர் கருத்தின் முக்கியமான பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஆள் தேறத் தேற, தலைவர் தம் பிடியைத் தளர்த்தி, முடிவெடுப்பதில் அவரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

‘நான் இவர்களுக்கு அப்பா மாதிரி’ என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்கள் முதல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள தலைமைச் சமையல்காரர் மிளகாய் வாங்கக்கூட முதலாளியின் தொலைபேசிக்குக் காத்திருக்கிறார் என்றால், அங்கே பேணுதல் இருக்கிறது, தேறவிடுதல் இல்லை.

தவறு செய்பவரைக் கண்டிக்காவிட்டால் தவறு பெருகாதா?

கண்டிப்பதால் பெரும்பாலும் குறைவது தவறைப் பற்றிய செய்தியே. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் இரண்டு மருத்துவமனைகளில் எட்டுச் சிகிச்சைக் குழுக்களின் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல அச்சமில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் பின்னர் வந்து சேர்ந்தார். சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவினர் பொதுவாக நம்பும் நிலையை 1999-இல் அவர் குழுவின் உளவியல் பாதுகாப்பு என்று வரையறுத்து ஆராய்ந்தார்.

கல் பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறக் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் நேராகத் தூக்க வேண்டும். அதன் மேல் சிமென்ட்டும் மணலும் கலந்த உலர் பொடியைத் தூவி, ஈரக் கலவையை இட்டு நிரப்பி மட்டம் தட்டிவிட்டால், பூ கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்து மறைந்துவிடும். அச்சைத் தூக்கும்போது மயிரிழை அசைந்து சிவப்பு பச்சையில் கலந்தது அந்தக் கைக்கு மட்டும் தெரியும். அந்த நொடியில் “அண்ணே, இது போச்சு” என்று சொன்னால் இரண்டு கரண்டி நிறம்தான் வீண். சொல்லப் பயந்து மூடிவிட்டால், கல் இறுகி, நீரில் ஊறி, கண்ணாடி பிரிந்த பிறகுதான் குறை வெளிவரும். அதற்குள் சிமென்ட்டும் மணலும் சில நாள் காத்திருப்பும் போய்விடும், யார் கை என்பதும் தெரியாது. கெட்ட கல்லுக்குக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் பட்டறையில் யாரும் வாய் திறப்பதில்லை. வேண்டுமென்றே செய்யும் அலட்சியத்துக்குக் கண்டிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கை தவறியதையும் அலட்சியத்தையும் ஒரே அபராதத்தில் அடக்குவதுதான் தவறு.

குடும்பத் தொழிலில் பெரியவர் சொன்ன பிறகு யாரும் பேசுவதில்லை. இது நல்ல ஒற்றுமைதானே?

ஒற்றுமையாகவும் இருக்கலாம், குழுச் சிந்தனையாகவும் இருக்கலாம். இணக்கம் கெடக்கூடாது என்ற நினைப்பில் குழுவினர் தங்கள் ஐயங்களை விழுங்கிவிடுவதை இர்விங் ஜானிஸ் 1972-இல் அப்படிப் பெயரிட்டு ஆராய்ந்தார். 1961-இல் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் நடத்திய படையெடுப்பில் அமெரிக்க அதிபர் கென்னடியின் அரசு அடைந்த தோல்வி அவருடைய முதன்மையான எடுத்துக்காட்டு. மறு ஆண்டு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது, ஆலோசகர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று கென்னடி சில கூட்டங்களுக்குப் போகாமலே இருந்தார். நம் வீட்டுப் பட்டாலையில் கூடும் கூட்டத்துக்கும் இது பொருந்தும்: வயதில் சிறியவர் முதலில் பேசட்டும், பெரியவர் கடைசியில் பேசட்டும். ‘அப்பச்சி சொல்லிட்டாக’ என்பது முதல் வாக்கியமாக இருந்தால் அதற்குப் பிறகு கூட்டமே தேவையில்லை.

விடுதியில் நாள் முழுதும் சிரித்த முகத்தோடு நிற்பது ஒரு வேலையா?

வேலைதான், அதுவும் களைப்பூட்டும் வேலை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் காட்டுவதை மேற்பூச்சு நடிப்பு என்றும், உள்ளுணர்வையே முயன்று மாற்றிக்கொள்வதை ஆழ்ந்த நடிப்பு என்றும் பிரித்தார். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் மேற்பூச்சு நடிப்பே சோர்வோடு அதிகம் தொடர்புடையதாகக் காணப்படுகிறது.

நம் பக்கத்து விடுதிகளில் ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. ‘வாங்க, வாங்க, சாப்பிடுங்க’ என்ற வரவேற்பு இங்கே வீட்டுப் பண்பாகவே வளர்ந்தது. விருந்தாளி அதைக் காசுக்கு வாங்கும்போதும் வீட்டு அன்பையே எதிர்பார்க்கிறார். அதனால் பணியாளர் தம் அம்மா அடுப்படியில் சொன்ன சொற்களையே எட்டு மணி நேரம் விற்க வேண்டியிருக்கிறது. முகப்பில் நிற்பவருக்கு, விருந்தாளி கண்ணில் படாமல் அரை மணி நேரம் முகத்தைத் தளர்த்தி உட்கார ஓர் அறை கொடுங்கள். பெரும்பாலான விடுதிகளில் இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இல்லாமலா இருக்கும்?

பணிச்சோர்வு என்பது நோயா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட பதினோராம் நோய் வகைப்பாட்டில், அதை நோயாகச் சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்று குறித்திருக்கிறது. சமாளிக்கப்படாத தொடர் பணி அழுத்தத்தால் வருவது. ஆற்றல் வடிந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்கிற வேலை பயனற்றதாகத் தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். முகூர்த்த மாதங்களில் அடுத்தடுத்து ஐந்து கல்யாணத்துக்கு இரவு இரண்டு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கும் சமையல் குழுவில் முதல் அடையாளம் எல்லாருக்கும் இருக்கும், அது ஓய்வில் தீரும். ‘இதெல்லாம் எதுக்கு, எப்படியும் பாதியைக் கொட்டத்தானே போறாங்க’ என்று கைதேர்ந்த சமையல்காரர் இலையைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் விடுப்பு அதற்குப் போதாது; ஆள் எண்ணிக்கை, இடைவெளி, யார் எந்த ஒப்புதலைக் கொடுக்கிறார்கள் என்பனவற்றை மாற்றியாக வேண்டும். தூக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் வேலைக்கு வெளியிலும் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 கட்டணமில்லாதது.

ஆளெடுக்கும்போது ஆளுமைச் சோதனை வைக்கலாமா?

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும், இணையத்தில் கிடைக்கும் சோதனைகளை நம்பி ஆளெடுப்பதும் ஜாதகம் பார்த்து எடுப்பதும் எனக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நாள் கூலி கொடுத்து, செய்யப்போகும் வேலையையே செய்து காட்டச் சொல்லுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

பெண் பணியாளர்கள் சங்கடமான விஷயங்களைச் சொல்ல வழி என்ன?

இது நல்லெண்ணத்துக்கு விடப்பட்டதன்று, சட்டம். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் மூத்த பெண் பணியாளர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துக்கும் குறைவானவர்கள் உள்ள இடத்தில் வேலை செய்பவர்களும், முதலாளியின் மேலேயே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் காலம் நீட்டிக்கப்படும்.

ஒரு மாற்றம் செய்த பிறகு, அது உண்மையிலேயே பலித்ததா என்று எப்படி அறிவது?

மாற்றுவதற்கு முன்பே எழுதத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுமையின் கவர்ச்சி தணியும் வரை, குறைந்தது ஆறு வாரமாவது, பொறுத்திருங்கள். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று காசை மூன்று முறை சரிபார்த்த ஊர் இது. வேலையைப் பற்றி மட்டும் நினைவை நம்பி முடிவெடுக்கிறோம்.

முன்னே சொன்ன பலகாரக் கடை உரிமையாளர் இதைச் செய்தார். கைமுறுக்கு உடைவது அதிகமாகிவிட்டது. புதிதாக வந்த அந்த வேகக்காரப் பெண்ணின் கைதான் காரணம் என்று அவரை நிறுத்திவிட இருந்தார். நிறுத்துவதற்கு முன் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் சுற்றியவர் யார், எத்தனை சுற்றினார், எத்தனை உடைந்தது, அன்று அரிசி மாவு எந்த மில்லில் அரைத்தது, எண்ணெய் எப்போது மாற்றியது என்று ஐந்து பத்தி. நான்காம் வாரம் அவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். உடைந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பெரிதாக மாறவில்லை. எட்டுப் பேரிடமும் ஒரே நாட்களில் ஏறி, ஒரே நாட்களில் இறங்கியிருந்தது. ஏறிய நாட்களின் எதிரே மில் என்ற பத்தியில் பழைய மில்லின் பெயர் இல்லை. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த அதே வாரத்தில், கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று, அரைக்கும் இடத்தை மாற்றியவர் அவரேதான்.